பட்டியலில் இல்லாத அரசனைத் தேடுவது எப்படி: பெரிப்சென்னை வைத்து ஒரு பயிற்சி

ஒரே ஓர் அரசனை எடுத்துக்கொள்ளுங்கள். வம்சம் முழுவதையும் ஒரே மூச்சில் படிக்கப் போனால் பெயர்களிலேயே களைத்துப்போவீர்கள். என் சிபாரிசு எகிப்தின் 2ஆம் வம்சத்து பெரிப்சென். பிரமிடுகள் வருவதற்கு முந்தைய ஆள், கி.மு. 2700ஐ ஒட்டிய காலம். பின்னாளில் எகிப்தியர்களே எழுதிவைத்த அரசர் பட்டியல்கள் எதிலும் இவன் பெயர் கிடையாது. ஆனால் கல்லறை இருக்கிறது, பெயர் பொறித்த கல் இருக்கிறது, முத்திரை பதிந்த களிமண் துண்டுகள் இருக்கின்றன. பயிற்சிக்கு இவனைவிட நல்ல ஆள் கிடைக்க மாட்டான்.

நான் வரலாற்றுப் பேராசிரியர் இல்லை. பத்திரப்பதிவு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை பழைய பதிவேடுகளோடு குப்பை கொட்டியவன். இப்போது வருடத்தில் பாதி நாள் லண்டனில் மகள் வீட்டில். அங்கே பிரிட்டிஷ் மியூசியத்துக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது என்பது என் போன்றவர்களுக்குப் பெரிய வசதி. அலுவலகப் பழக்கம் ஒன்று மட்டும் இன்னும் போகவில்லை. எந்தக் காகிதம் கைக்கு வந்தாலும், என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பதற்கு முன்னால் யார் முத்திரை, எங்கே வைத்தது, எப்போது வைத்தது என்று பார்ப்பேன். பண்டைய எகிப்தின் ஆரம்பகால அரசர்களைப் படிக்க அந்த ஒரு பழக்கம் போதும் என்பது என் கட்சி.

முதலில் வரையுங்கள்

கோடு போட்ட நோட்டு ஒன்று, பென்சில் ஒன்று. அவ்வளவுதான் செலவு.

நீள்சதுரம் ஒன்றை நிமிர்த்தி வரையுங்கள். கீழ்ப்பாதியில் நெருக்கமாகச் செங்குத்துக் கோடுகள் போடுங்கள். அது அரண்மனையின் மண்செங்கல் சுவர். உள்வாங்கியும் வெளித்தள்ளியும் கட்டியதால் கோடு கோடாகத் தெரிகிறது. மேற்பாதியை வெறுமையாக விடுங்கள், அரசன் பெயர் அங்கேதான் வரும். மேல் விளிம்பில் ஒரு வல்லூறு நிற்கவேண்டும். அதுதான் ஹோரஸ் என்ற தெய்வம். இந்த முழு வடிவத்துக்கு செரெக் என்று பெயர். படங்களில் நாம் அடிக்கடி பார்க்கும் நீள்வட்டப் பெயர்ச்சட்டம் 3ஆம் வம்சத்தின் கடைசியில்தான் வருகிறது. அதற்கு முன் அரசன் பெயர் வேண்டுமென்றால் செரெக்கைத்தான் தேடவேண்டும்.

எகிப்தின் முதல் அரசர்களில் ஒருவனான நார்மர் காலத்திலிருந்து அரசர்கள் தங்கள் பெயருக்கு மேல் வல்லூறை நிறுத்தி வந்தார்கள். பெரிப்சென்னுக்கு வரும்போது வல்லூறு இல்லை. நாலு கால் பிராணி ஒன்று நிற்கிறது. அதையும் கையால் வரைந்து பாருங்கள்: வளைந்து தொங்கும் நீண்ட மூக்கு, நுனி சதுரமாக வெட்டியது போன்ற நிமிர்ந்த காதுகள், குச்சி மாதிரி விறைத்து நிற்கும் வால். கழுதையா, நாயா, எறும்புதின்னியா என்று நூறு வருஷத்துக்கும் மேலாகச் சண்டை போட்டிருக்கிறார்கள். எந்த விலங்கோடும் முழுதாகப் பொருந்தாது. அது சேத் என்ற தெய்வத்தின் பிராணி. அது என்ன மிருகம் என்ற ஆராய்ச்சியில் இறங்கினால் மாதக்கணக்கில் வெளியே வர முடியாது, இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

அப்புறம் உள்ளே இருக்கும் பெயர். வீட்டைக் குறிக்கும் குறி, கீழ்ப்பக்கம் திறந்த சதுரம் போல இருக்கும். இதயத்தைக் குறிக்கும் குறி, சின்ன ஜாடிக்குக் காது வைத்தது போல இருக்கும். பிறகு ஸ் ஒலி, ன் ஒலி. ன் ஒலிக்கு நீரலை. எந்தப் பக்கத்திலிருந்து படிப்பது என்று குழம்பினால் உயிருள்ள உருவங்களின் முகத்தைப் பாருங்கள். முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அந்தப் பக்கம்தான் வரியின் தொடக்கம்.

கையால் வரையச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. செல்பேசியில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் பார்த்ததாக நினைப்பு மட்டும் வரும். வரையும்போதுதான் காது சதுரமா கூரா என்று உண்மையாகவே பார்க்கிறோம். அரைகுறையாக உடைந்த களிமண் துண்டில் காதின் நுனி மட்டும் மிஞ்சியிருந்தால், அது வல்லூறின் தலையா சேத்தின் காதா என்று முடிவு செய்ய அந்தப் பழக்கம்தான் கைகொடுக்கும்.

நோட்டில் நாலு பத்தி

இனி நோட்டின் அடுத்த பக்கத்தில் நாலு பத்தி பிரியுங்கள்: என்ன பொருள், எங்கே கிடைத்தது, யார் தோண்டியது, அதில் யார் பெயர். அரசன் வாழ்ந்த காலத்துப் பொருள் மட்டும் இந்தப் பக்கத்துக்குள் வரவேண்டும். பின்னாளில் எழுதியது எதுவும் இங்கே கூடாது, அதற்கு வேறு பக்கம். இந்தக் கட்டுப்பாட்டைக் கடைப்பிடித்தாலே பாதி வேலை முடிந்தது.

பெரிப்சென்னுக்கு முதல் வரியில் வருவது அவன் கல்லறை வாசலில் நின்ற கருங்கல் நடுகற்கள் இரண்டு. ஒன்று பிரிட்டிஷ் மியூசியத்தில், மற்றது கெய்ரோவில். லண்டன் கல்லின் எண் ஈஏ 35597; அருங்காட்சியகத்தின் இணையத் தேடலில் இந்த எண்ணைப் போட்டால் படத்தோடு வரும். உயரம் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேல். மெருகு, அலங்காரம் எல்லாம் எதிர்பார்க்காதீர்கள். சொரசொரப்பான கல்லில் செரெக், மேலே சேத் பிராணி. இந்த அரசன் இந்தப் பெயரில் இருந்தான் என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி வேண்டாம்.

இரண்டாவது வரி, கல்லறை. இடம் அபைதோஸ். நைல் நதிக்கு மேற்கே பாலைவன ஓரத்தில் உம் எல் காப் என்ற பகுதி. தரையெல்லாம் பானை ஓடுகள் குவிந்து கிடக்கும். 1ஆம் வம்சத்து அரசர்கள் எல்லோரும் அங்கேதான் அடக்கம். பெரிப்சென்னின் கல்லறையை அறிஞர்கள் 'பி' என்ற எழுத்தால் குறிப்பிடுகிறார்கள். 1890களின் கடைசியில் பிரெஞ்சுக்காரர் எமில் அமெலினோ முதலில் தோண்டினார். 1899இல் இருந்து 1901 வரை ஆங்கிலேயர் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி அதே இடத்தைத் திரும்பச் சலித்தார். 1970களிலிருந்து ஜெர்மன் தொல்லியல் நிறுவனம் இன்னொரு முறை. மண்செங்கல் கட்டுமானம், நடுவில் புதைகுழி அறை, அதைச் சுற்றி நடை, சேமிப்பு அறைகள். 1ஆம் வம்சத்துப் பெரிய கல்லறைகளைப் பார்த்துவிட்டு இங்கே வந்தால் சின்னதாகத்தான் தெரியும். ஜெர் என்ற அரசனைச் சுற்றி முந்நூறுக்கும் மேற்பட்ட துணைப் புதைகுழிகள் இருக்கின்றன, கூடவே அனுப்பிவைக்கப்பட்ட ஆட்கள். பெரிப்சென்னுக்கு அப்படி எதுவும் இல்லை. நிம்மதி.

ஒரே இடத்தை மூன்று பேர் தோண்டியிருப்பதால் மூன்றாவது பத்தியை அலட்சியமாக விடாதீர்கள். முதல் முறை எந்த அறையில் எது கிடந்தது என்று சரியாகக் குறிக்காமல் எடுத்த பொருளுக்கும், பிறகு அடுக்கு அடுக்காகப் பதிந்து எடுத்த பொருளுக்கும் சாட்சி மதிப்பு ஒன்றாகாது. அமெலினோ தோண்டியது என்று இருந்தால் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைப்பேன்.

ஒரு தேடல் குறிப்பு. பெட்ரியின் அகழாய்வு அறிக்கைகள் காப்புரிமைக் காலம் முடிந்து இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் அவர் எழுத்துக்கூட்டல் வேறு. இவனைப் 'பெராப்சென்' என்றுதான் அவர் எழுதுவார். பின்னால் வரப்போகும் இதே வம்சத்து அரசர்களில் நினெட்ஜெர் அவரிடம் 'நெதெரென்', செகெமிப் 'செகெம் அப்'. இன்றைய எழுத்துக்கூட்டலில் தேடிவிட்டு ஒன்றும் இல்லை என்று திரும்பிவிடாதீர்கள்.

களிமண்ணை எப்படிப் படிப்பது

எனக்குப் பிடித்த பகுதி இது. கொஞ்சம் நீட்டுகிறேன்.

ஒயின், எண்ணெய், தானியம் எல்லாம் ஜாடியில் அடைத்து, வாயில் ஈரக் களிமண்ணை அப்பி, அதன் மேல் உருளை முத்திரையை உருட்டுவார்கள். விரலளவு உருளை, அதைச் சுற்றி எழுத்துகள் குடைந்திருக்கும். உருட்ட உருட்ட ஒரே வாசகம் திரும்பத் திரும்பப் பதியும். மூட்டை, பெட்டி, கதவு இவற்றுக்கும் கயிறு கட்டி அந்த முடிச்சின் மேல் இதே முறைதான். முத்திரை உருளைகள் அபூர்வமாகத்தான் மிஞ்சியிருக்கின்றன. மிஞ்சியவை அவை பதித்த களிமண், அதுவும் உடைந்த துண்டுகளாக.

புத்தகங்களில் முத்திரைப் பதிவின் முழுமையான, அழகான கோட்டுப் படம் ஒன்றைப் பார்த்தால் உடனே நம்பிவிடாதீர்கள். அது பெரும்பாலும் பல துண்டுகளை ஒட்டிச் சேர்த்து வரைந்தது. ஒரு துண்டில் இடது பக்கம் இருக்கும், இன்னொன்றில் நடுப்பகுதி இருக்கும். ஒரே வாசகம் திரும்பத் திரும்ப வருவதால் அப்படிச் சேர்ப்பதில் தவறில்லை. ஆனால் எத்தனை துண்டுகள், எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்தவையா என்று அறிக்கையில் தேடிப் பாருங்கள். படத்தில் புள்ளிக் கோடாக இருப்பது ஊகம்.

பெரிப்சென்னின் கல்லறையில் கிடைத்த ஒரு முத்திரைப் பதிவு உலகப் புகழ் பெற்றது. நூப்து ஊரின் தெய்வம் இரு நாடுகளையும் தன் மகனான மேல், கீழ் எகிப்தின் அரசன் பெரிப்சென்னிடம் ஒப்படைத்தார் என்பது அதன் பொருள். இரு நாடுகளையும் 'ஒன்றாக்கிக் கொடுத்தார்' என்று படிப்பவர்களும் உண்டு. நூப்து என்பது இன்றைய நகாடா, சேத்தின் சொந்த ஊர். எகிப்திய எழுத்தில் நமக்குக் கிடைத்திருக்கும் முதல் முழு வாக்கியம் என்று இதைத்தான் வழக்கமாகச் சுட்டுவார்கள். அதற்கு முன் கிடைப்பதெல்லாம் பெயர், பதவி, பொருள், அளவு. ஒரு ஜாடி மூடியில் வினைச்சொல்லோடு ஒரு வரி வந்து உட்கார்ந்திருக்கிறது. பட்டியலில் இடம் கிடைக்காத அரசனுக்கு இது போதாதா?

அதே தொகுதியில் ஆஷ் என்ற இன்னொரு தெய்வமும் சில பதிவுகளில் வருகிறது: மனித உடல், விலங்குத் தலை. இதை நோட்டில் தனியாகக் கோடிட்டு வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

கதவை மூடியது யார்?

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைப்பதானால் இந்தக் கேள்வியை வையுங்கள். அரசன் இறந்தபின் அவன் கல்லறையை நிரப்பி, மூடி, முத்திரை வைக்கிறவன் யார்? அடுத்து வருகிறவன். அவன் கைக்கு அப்போது அதிகாரம் வந்துவிட்டது, முத்திரையும் அவனுடையது. ஆகவே கல்லறையின் நுழைவாயில் பகுதியில் வேறோர் அரசனின் முத்திரைப் பதிவுகள் கிடைத்தால் அவன் அடுத்த அரசனாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

இது வெறும் யோசனை இல்லை, இரண்டு இடத்தில் நன்றாக வேலை செய்திருக்கிறது. 1ஆம் வம்சத்துக் கடைசி அரசர்களில் ஒருவனான கா-ஆவின் கல்லறை வாசலில் 2ஆம் வம்சத்தைத் தொடங்கிய ஹோதெப்செகெம்வியின் முத்திரைப் பதிவுகளை ஜெர்மன் குழு எடுத்தது. வம்சம் மாறும்போது பெரிய கலவரம் நடந்திருக்கும் என்று அதுவரை எழுதியவர்கள் கொஞ்சம் அடங்கிப் போனார்கள். முந்தைய அரசனை முறையாக அடக்கம் செய்தவன் அவன் எதிரியாக இருந்திருப்பானா? அதேபோல் 2ஆம் வம்சத்தின் கடைசி அரசன் காசெகெம்வியின் கல்லறையில் ஜோசெரின் முத்திரைகள். படிப் பிரமிடு கட்டிய அதே ஜோசெர்தான். அதனால் காசெகெம்விக்கு அடுத்தது ஜோசெர் என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடிகிறது. குண்டர் டிரையர் தலைமையில் நடந்த வேலை இது.

இப்போது இதை பெரிப்சென் கல்லறைக்குப் பொருத்துங்கள். நுழைவாயில் பகுதியில் செகெமிப் பெரென்மாத் என்ற பெயரில் முத்திரைப் பதிவுகள் கிடைத்திருக்கின்றன. அந்தப் பெயரின் செரெக் மேல் நிற்பது சேத் இல்லை, வழக்கமான ஹோரஸ் வல்லூறு.

இதற்கு இரண்டு விளக்கம் உண்டு. செகெமிப்பும் பெரிப்சென்னும் ஒரே ஆள். முதலில் ஹோரஸ் பெயரோடு ஆண்டான், பிறகு மனம் மாறி சேத் பெயர் வைத்துக்கொண்டான் என்பது ஒன்று. ரொம்ப நாள் இதுதான் பாடப்புத்தகக் கதை. செகெமிப் வேறு ஆள், பெரிப்சென்னை அடக்கம் செய்து அடுத்து அரியணை ஏறியவன் என்பது மற்றொன்று. கா-ஆ, காசெகெம்வி இரண்டு கல்லறைகளையும் பார்த்தபின் எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது. ஒரே ஆளாக இருந்தால், கைவிட்ட பழைய பெயரின் முத்திரை கல்லறை வாசலில், கடைசியாக மூடும் இடத்தில் ஏன் வரவேண்டும்? பழைய சரக்கு ஜாடிகளை உள்ளே வைத்திருக்கலாமே என்று வாதிடலாம்தான். அந்த வாதத்துக்கும் நோட்டில் இடம் விடுங்கள்.

ஏனென்றால் கல்லறைக்குள் பழைய பொருள் வருவது சகஜம். பெரிப்சென் கல்லறையிலேயே ராநெப், நினெட்ஜெர் ஆகிய முந்தைய அரசர்களின் பெயர் பொறித்த கல் பாத்திரங்கள் கிடைத்திருக்கின்றன. கல் பாத்திரம் செய்ய மாதக்கணக்கில் உழைப்பு வேண்டும், தூக்கிப் போடமாட்டார்கள். ஜோசெரின் படிப் பிரமிடுக்கு அடியில் சுமார் 40,000 கல் பாத்திரங்களைக் குவித்து வைத்திருந்தார்கள். அவற்றில் அவனுக்கு முந்தைய இரண்டு வம்சத்து அரசர்களின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. ஆகவே பாத்திரத்தில் பெயர் இருந்தால், அந்த அரசன் கல்லறை மூடுவதற்கு முன்னால் எப்போதோ வாழ்ந்தவன் என்பது மட்டும் நிச்சயம். களிமண் அப்படி இல்லை. ஜாடியைத் திறந்தால் உடைந்துவிடும், திரும்ப உபயோகிக்க முடியாது. அதனால்தான் களிமண்ணுக்கு நான் அதிக மதிப்பெண் போடுகிறேன்.

வரைபடத்தில் குறியுங்கள்

நைல் நதியை மேலிருந்து கீழாக ஒரு கோடாக வரைந்து, பெரிப்சென் பெயர் கிடைத்த இடங்களைக் குறியுங்கள். அபைதோஸ். அங்கேயே, கல்லறையிலிருந்து தள்ளி வயலோரமாக அவனுக்கு ஒரு பெரிய மண்செங்கல் சுற்றுமதில் இருந்தது, சடங்குகளுக்கான இடம். தெற்கே அஸ்வான் பக்கம் எலிஃபன்டைன் தீவில் முத்திரைப் பதிவுகள். அபைதோஸுக்கு வடக்கே, அதிகத் தொலைவில்லாத பெய்த் கல்லாஃபில், ஜோசெர் காலத்துப் பெரிய கல்லறை ஒன்றில் ஒரு பதிவு. எல்லாமே மேல் எகிப்து, அதாவது தெற்கு.

இவனுக்கு முந்தைய ஹோதெப்செகெம்வி முதலான அரசர்கள் வடக்கே சக்காராவில் பாறையைக் குடைந்து கல்லறை அமைத்தவர்கள். பெரிப்சென் பழைய அபைதோஸுக்குத் திரும்பியிருக்கிறான். நினெட்ஜெருக்குப் பிறகு நாடு இரண்டாகப் பிரிந்து, பெரிப்சென் தெற்கை மட்டும் ஆண்டிருக்கலாம் என்ற கருத்து இப்படித்தான் வருகிறது. வரைபடம் அதற்கு ஒத்துப்போகிறது. ஆனால் தெற்கில் தோண்டிய அளவுக்கு வடக்கின் டெல்டாவில் தோண்ட முடியாது, ஈரமண்ணும் ஊர்களும் மூடிக்கிடக்கின்றன. காலியாக இருக்கும் இடத்தை வைத்து அவசரப்பட வேண்டாம்.

இப்போது பட்டியலுக்கு வரலாம்

பலரும் இங்கிருந்துதான் தொடங்குகிறார்கள், அதுதான் தொல்லை. அபைதோஸில் சேத்தி அரசன் கோயில் சுவரில் 76 பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. பார்க்கக் கம்பீரமாக இருக்கும். ஆனால் அது கி.மு. 1290ஐ ஒட்டி வெட்டியது. பெரிப்சென்னுக்கும் அதற்கும் இடையே சுமார் 1,400 ஆண்டுகள். சக்காராவில் ஓர் அதிகாரியின் கல்லறையிலிருந்து வந்த பட்டியல், டூரின் நகரில் துண்டு துண்டாகக் கிடக்கும் பாப்பிரஸ் பட்டியல் இரண்டும் சேத்தியின் மகன் 2ஆம் ராம்செஸ் காலத்தவை. எகிப்தியப் பூசாரி மனெத்தோ கிரேக்க மொழியில் எழுதிய வரலாறு இன்னும் ஆயிரம் ஆண்டு கழித்து, கி.மு. 3ஆம் நூற்றாண்டில்.

எங்கள் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று என்று ஒன்று கொடுப்போம். பதிவான ஆவணங்கள்தான் அதில் வரும். பதிவாகாதது நடக்கவே இல்லை என்று அதைக் கையில் வைத்துக்கொண்டு யாரும் சத்தியம் செய்யமுடியாது. அரசர் பட்டியலும் அந்த ரகம்தான்.

2ஆம் வம்சத்துக்கு அபைதோஸ் சுவர் தரும் பெயர்கள்: பெட்ஜாவ், காகாவ், பாநெட்ஜெர், வாத்ஜ்நாஸ், செந்தி, ஜாஜாய். கல்லறைகளில் நாம் பார்க்கும் செரெக் பெயர்களோடு இவற்றில் பல நேராக ஒத்துவராது. ஓர் அரசனுக்குப் பல பெயர்கள் உண்டு; செரெக்கில் வருவது ஒன்று, பட்டியலில் வருவது இன்னொன்று. ஆகவே பெரிப்சென் பட்டியலில் இல்லை என்பதை 'அந்தப் பெயரில் இல்லை' என்று எழுதுங்கள். வேறு பெயரில் ஒளிந்திருக்கலாம், வேண்டுமென்றே விட்டிருக்கலாம், மூலத்திலேயே விடுபட்டிருக்கலாம்.

விடுபடுவது எப்படி நடக்கும் என்பதற்கு டூரின் பட்டியலிலும் சக்காரா பட்டியலிலும் வேடிக்கையான சாட்சி இருக்கிறது. 2ஆம் வம்சத்தின் கடைசிப் பகுதியில் ஹுட்ஜெஃபா என்று ஓர் அரசன் வருகிறான். அது அரசன் பெயரே இல்லை. பழைய சுவடியில் அந்த இடம் அழிந்திருக்கிறது என்று ஒரு எழுத்தன் குறித்து வைத்தது. அடுத்துப் படியெடுத்தவன் அதையே பெயராக்கி அரச சட்டத்துக்குள் போட்டுவிட்டான். எழுத்தர்கள் எந்தக் காலத்திலும் எழுத்தர்கள்தான்.

ஆண்டு வாரியாகக் குறிப்பு வைத்த பலேர்மோ கல் இவற்றைவிடப் பழையது, 5ஆம் வம்சத்து மரபு. அதில் நினெட்ஜெரின் சில ஆண்டுகள் நன்றாக இருக்கின்றன. அதற்கடுத்துப் பெரிப்சென் வந்திருக்கவேண்டிய இடத்தில் கல் உடைந்துவிட்டது. அவன் எத்தனை ஆண்டு ஆண்டான் என்று எங்காவது ஓர் எண்ணைப் பார்த்தால், எந்தப் பொருளிலிருந்து வந்தது என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் நோட்டில் ஏற்றவேண்டாம்.

வரிசை தெரிந்துகொள்ளப் பட்டியலைவிட நல்ல வழி சில சமயம் கிடைக்கும். கெய்ரோவில் ஹெதெப்தியெஃப் என்ற பூசாரியின் சிறிய கற்சிலை இருக்கிறது, மண்டியிட்டு உட்கார்ந்த உருவம். அதன் வலது தோளில் ஹோதெப்செகெம்வி, ராநெப், நினெட்ஜெர் என்று மூன்று பெயர்கள் வரிசையாகப் பொறித்திருக்கின்றன. வம்சத்தின் முதல் மூன்று அரசர்களின் வரிசை தெளிவானதில் அந்தத் தோளுக்குப் பெரிய பங்கு உண்டு. பெரிப்சென்னுக்கு அப்படியொரு தோள் கிடைக்கவில்லை.

இறந்த பிறகு யார் சோறு வைத்தார்கள்

அடுத்த பக்கத்தில் ஓர் ஆள் போதும்: ஷெரி. 4ஆம் வம்சத்தவர், சக்காராவில் கல்லறை. செனெட் என்ற அரசனின் கல்லறைப் பகுதியில் பெரிப்சென்னின் பூசகர்களுக்குத் தலைவராக இருந்ததாகத் தன் கல்லறைக் கதவுக் கல்லில் சொல்லிக்கொள்கிறார். கல்வெட்டின் பகுதிகள் கெய்ரோ, ஆக்ஸ்ஃபோர்டின் அஷ்மோலியன் என்று சிதறிக் கிடக்கின்றன.

இதன் கனம் என்ன என்று யோசித்துப் பாருங்கள். பெரிப்சென் இறந்து நூறு வருஷத்துக்கும் மேல் ஆனபிறகு, வடக்கே, தலைநகரின் சுடுகாட்டில், அவனுக்குப் படையல் வைக்க ஆள் நியமித்து மானியம் ஓடிக்கொண்டிருக்கிறது. மத துரோகி என்று பெயர் அழிக்கப்பட்டவனுக்கு அப்படி நடக்குமா?

கதைகளை எப்படி எடைபோடுவது

சரி, இவ்வளவு சேர்த்தபிறகுதான் பெரிய கதைகளைப் படிக்கவேண்டும். 1922இல் பெர்சி நியூபெரி என்ற எகிப்தியல் அறிஞர், பெரிப்சென் காலத்தில் சேத் ஆதரவாளர்களுக்கும் ஹோரஸ் ஆதரவாளர்களுக்கும் உள்நாட்டுப் போர் நடந்தது என்று எழுதினார். விறுவிறுப்பான கதை. அவர் முக்கியமாகத் துணைக்கு அழைத்தது எட்ஃபு கோயில் சுவரில் இருக்கும் ஹோரஸ் சேத் சண்டைப் புராணத்தை. எட்ஃபு கோயில் கட்டத் தொடங்கியது கி.மு. 237இல். உங்கள் நோட்டில் அது எந்தப் பக்கத்தில் வரும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

ஒரே தெய்வத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை ஒழிக்கப் பார்த்தவன் என்றும் பெரிப்சென்னைப் பற்றிப் படிப்பீர்கள். ஆஷ் தெய்வத்தைக் கோடிட்டு வைத்தீர்களே, அதை எடுத்துப் பாருங்கள். இவன் முத்திரைகளிலேயே வேறு தெய்வம் இருக்கும்போது அந்தப் பேச்சு எடுபடாது.

சேத் என்றாலே தீயசக்தி என்ற நினைப்பையும் கழற்றி வைத்துவிடவேண்டும். அந்த வெறுப்பு வெகு பின்னால் முற்றியது. 76 பெயர்களைச் சுவரில் வெட்டிய சேத்தி அரசன் பெயரே சேத்தின் ஆள் என்றுதான் அமைந்திருக்கிறது. சேத் கொன்றதாகப் புராணம் சொல்லும் ஒசிரிஸ் தெய்வத்தின் கோயில் என்பதால் அபைதோஸில் மட்டும் தன் பெயரில் சேத் குறியை மாற்றி எழுதிக்கொண்டான். நயமான ஆள்.

உண்மையில் ஏதோ நடந்திருக்கிறது என்பதையும் மறுக்க முடியாது. பெரிப்சென்னுக்குப் பின் வந்த காசெகெம்வி தன் செரெக் மேல் வல்லூறையும் சேத் பிராணியையும் எதிரெதிரே நிற்கவைத்தான். அவனுக்குப் பிறகு சேத் பிராணி எந்த அரசனின் செரெக் மேலும் ஏறவில்லை. சமரசம் செய்ய ஒரு காரணம் இருந்திருக்கிறது என்ற அளவுக்கு நான் ஒப்புக்கொள்வேன். போர்க்களம், படை, தீ வைப்பு என்று போனால் பேனாவை மூடிவிடுவேன்.

அடுத்த ஆள்

பெரிப்சென் பக்கங்கள் நிரம்பியதும் செனெட்டை எடுங்கள். இவன் நேர்மாறான கேஸ். பட்டியல்களில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறான், மனெத்தோவிடம்கூட செதெனெஸ் என்று வருகிறான். ஆனால் சொந்தக் காலத்துப் பொருள் என்ற பக்கத்தில் எழுத ஏறக்குறைய ஒன்றும் இருக்காது, கல்லறையும் இதுதான் என்று உறுதியாகக் காட்ட முடியாது. ஷெரியின் கல்வெட்டில் இரண்டு பேரும் ஒன்றாக வருகிறார்களே, அங்கிருந்து தொடங்குங்கள். நாலு பத்தி அதேதான். புதுப் பக்கம் போதும்.